நடந்த மணி எத்தனை?

திருவண்ணாமலை மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளில் படிக்கும் மாணவ மாணவியருக்கு,



உங்கள் முதல் பருவ மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாளின் பெயர், அகமதிப்பீட்டில் 25க்கு எவ்வளவு, பல்கலைக்கழகத் தேர்வில் 75க்கு எவ்வளவு, பாஸா அரியரா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்திருப்பீர்கள். நடுவில் ஒரு கட்டத்தில் 3, 5, 2 என்று ஒற்றை இலக்கம் ஒன்று நிற்கும். அதுதான் கிரெடிட். ஆறு பருவத்திலும் அதைக் கூட்டி 140 வந்தால்தான் உங்களுக்குப் பட்டம். மூன்று வருஷம் அந்த எண்ணுக்காகப் படிக்கிற உங்களுக்கு அது எதை எண்ணுகிறது என்று அநேகமாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், இதே ஊர்க்காரன் என்கிற உரிமையில் நான் சொல்கிறேன்.

கிரெடிட் எண்ணுவது நேரத்தை. வாரத்துக்கு ஒரு மணி விரிவுரை, அப்படிப் பதினைந்து வாரம், ஆக 15 மணி வகுப்பு நடந்தால் அது ஒரு கிரெடிட். ஆய்வகம், களப்பணி போன்றவற்றுக்கு வாரத்துக்கு இரண்டு மணி, ஆக 30 மணிக்கு ஒரு கிரெடிட். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகத்தில் இப்படித்தான் இருக்கிறது. அதற்கு முன்பு வந்த, விருப்பப் பாடத் தேர்வுக் கிரெடிட் முறையான சிபிசிஎஸ் வழிகாட்டுதலிலும் இதே கணக்குதான்.

நம் ஊர்க் கல்லூரிகள் வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் தயாரித்த மாதிரிப் பாடத்திட்டம் 2023-24இல் மாநிலப் பல்கலைக்கழகங்களில் நடைமுறைக்கு வந்தது. இங்கே ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள். நாளைக்கு ஐந்து ஹவர். கிழமைக்குப் பதில் வேலை நாளை எண்ணும் டே ஆர்டர் ஆறு சேர்ந்தால் ஒரு சுற்று, அதில் 30 ஹவர். தொண்ணூறு நாளில் பதினைந்து சுற்று வரும். ஆக ஒரு பருவத்துக்கு 450 ஹவர், மூன்று வருஷத்துக்கு 2,700 ஹவர்.

இப்போது 140 கிரெடிட்டைப் பதினைந்தால் பெருக்கிப் பாருங்கள். 2,100தான் வரும். அறுநூறு ஹவர் இடிக்கிறது. ஆய்வகம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியைத் தேடிக்கொண்டு போனால் தமிழ் வகுப்பிலும் ஆங்கில வகுப்பிலும் போய் நிற்போம்.

முதல் பருவத்தின் கால அட்டவணையைப் பாருங்கள். பகுதி ஒன்று, தமிழ்: வாரத்துக்கு ஆறு ஹவர், மூன்று கிரெடிட். பகுதி இரண்டு, ஆங்கிலம்: அதே ஆறு, அதே மூன்று. பகுதி மூன்றில் உள்ள மேஜர் தாளுக்கு ஐந்து ஹவர், ஐந்து கிரெடிட். பருவத்துக்கு 90 ஹவர் தமிழ் வகுப்பில் உட்கார்ந்தவருக்கு மூன்று, 75 ஹவர் மேஜர் வகுப்பில் உட்கார்ந்தவருக்கு ஐந்து. நான்கு பருவம் தமிழும் ஆங்கிலமும் படிக்கிற பி.ஏ., பி.எஸ்சி. மாணவர் இந்த இரண்டு பாடத்துக்கு மட்டும் 720 ஹவர் செலவழிக்கிறார். கைக்கு வருவது 24 கிரெடிட்; யுஜிசி கணக்கில் அது 360 ஹவருக்கான கூலி.

மணிக்கு அரை கிரெடிட் என்பது ஆய்வகத்துக்கு வைத்த விலை. சிலப்பதிகாரத்தை எந்தக் குடுவையில் ஊற்றிச் சோதித்தோம் என்று எனக்குத் தெரியவில்லை. தமிழ்த் துறைக்காரர்கள் இதை ஏன் சத்தமாகக் கேட்பதில்லை என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கல்லூரியில் ஹவர் என்றால் பணியிடம். உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரடி வகுப்பு, அதற்கு மேலே இருப்பவர்களுக்கு 14 என்று யுஜிசியின் 2018 விதி சொல்கிறது. துறையின் மொத்த ஹவரை இந்த எண்ணால் வகுத்தால்தான் அந்தத் துறைக்கு எத்தனை பேர் என்று தெரியும். கிரெடிட்டைச் சரி செய்கிறோம் என்று யாராவது கிளம்பி ஆறு ஹவரை மூன்றாக வெட்டினால், பாதித் துறை காணாமல் போகும். அதனால் ஹவர் பெரிதாகவும் கிரெடிட் சின்னதாகவும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் நீங்கள் அந்தச் சின்ன எண்ணைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். மேஜர் வகுப்புக்கு ஓடுகிறவர்கள் தமிழ் ஹவரில் கேன்டீனில் இருப்பீர்கள். வகுப்புத் தரமும் ரேங்க்கும் பகுதி மூன்றை வைத்துத்தான் கணக்கிடப்படும் என்று சீனியர் யாராவது முதல் வாரமே காதில் போட்டிருப்பார். உங்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு வகுப்பின் ஒரு மணி இன்னொரு வகுப்பின் அரை மணிக்குத்தான் சமம் என்று கல்லூரியே அச்சடித்துக் கொடுத்தால், வேறெப்படி நடந்துகொள்வது? என்னைக் கேட்டால், ஆறு ஹவரில் மூன்றை விரிவுரையாகவும் மூன்றை எழுத்துப் பயிற்சியாகவும் நூலகப் பயிற்சியாகவும் பிரித்து, அதற்குரிய நாலரைக் கிரெடிட்டைக் கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு ஒரு விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் எழுதச் சொல்லித்தரும் மணிநேரம் அது. பாடத்திட்டக் குழுவில் இருப்பவர் யாராவது இந்த மடலைப் படித்தால் இந்தப் பத்தியை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

இந்த மணிக்கணக்கு நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் இரும்பு விற்றுக் கோடீசுவரரான ஆண்ட்ரூ கார்னெகி, கல்லூரி வாத்தியார்கள் வாங்குகிற சம்பளத்தைப் பார்த்து அதிர்ந்துபோய், அவர்களுடைய ஓய்வூதியத்துக்காக 1905இல் ஒரு கோடி டாலர் கொடுத்தார். பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று கேள்வி வந்தது. அந்த நாளில் உயர்நிலைப் பள்ளியே தன் வாசலில் கல்லூரி என்று பலகை மாட்டிக்கொண்டிருந்த ஊர் அது. எனவே அந்தப் பணத்தை நிர்வகித்த அறக்கட்டளைக்காரர்கள் ஒரு அளவுகோல் வகுத்தார்கள். ஒரு பாடத்தில் வருஷத்துக்கு 120 மணி வகுப்பு நடந்திருந்தால் அது ஒரு அலகு. அப்படி 14 அலகு முடித்த மாணவரைச் சேர்ப்பதுதான் கல்லூரி. அப்படிப்பட்ட கல்லூரியின் ஆசிரியருக்குத்தான் ஓய்வூதியம். ஓய்வூதியத்துக்கு ஆசைப்பட்டுக் கல்லூரிகள் வரிசையாக அந்த அளவுகோலுக்கு மாறின. கொஞ்ச நாளில், தொழிற்சாலைகளில் நேரத்தை அளந்து வேலை வாங்கும் வித்தையில் தேர்ந்த மாரிஸ் குக் என்ற பொறியாளரை விட்டுப் பல்கலைக்கழகங்களை ஆராயச் சொன்னார்கள். ஒரு மாணவர், ஒரு மணி என்று அவர் 1910இல் கல்லூரியின் உற்பத்தியை எண்ணிக் காட்டினார். நீங்கள் சுமக்கிற கிரெடிட்டின் பாட்டன் முப்பாட்டன் இவர்கள்தான்.

வாத்தியாருக்கு முதுமையில் சோறு போடுவதற்காகப் பிறந்த அளவுகோல் இன்று நம் அரசுக் கல்லூரிகளில் யார் தலைமேல் நிற்கிறது? கௌரவ விரிவுரையாளர்கள் தலைமேல். மாநிலம் முழுக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். வருஷத்தில் பதினொரு மாதம்தான் சம்பளம், ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. அவர்களுக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை கொடுக்கலாம் என்று யுஜிசி 2019இல் சொன்னது. இங்கே கிடைப்பது அதில் பாதி. ஒவ்வொரு கல்வியாண்டும் அவர்களுடைய நியமனம் புதுப்பிக்கப்பட்டு ஆணை வந்தாக வேண்டும். ஆணைக்குக் காத்திருக்கும் நாட்களில் கால அட்டவணையில் அந்தத் தாளுக்கு ஹவர் இருக்கும், வகுப்பில் ஆள் இருக்காது. அந்த மணிகளையும் சேர்த்துத்தான் உங்கள் பட்டியலில் 5 என்று அச்சாகிறது.

இதுதான் நான் இந்த மடலை எழுதக் காரணம். பட்டியலில் இருக்கும் எண், நடக்க வேண்டிய மணி. நடந்த மணி எத்தனை என்பது எந்தச் சான்றிதழிலும் இல்லை.

உங்கள் தெருவில் ஆரணி பொறியியல் கல்லூரியிலோ வேறு பொறியியல் கல்லூரியிலோ படிக்கிற அண்ணன் அக்கா யாராவது இருந்தால் அவர்களுடைய பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு தாளுக்கும் மேலே எல், டி, பி, சி என்று நான்கு எழுத்துப் போட்டு, விரிவுரை எத்தனை, பயிற்சி வகுப்பு எத்தனை, ஆய்வகம் எத்தனை, கிரெடிட் எத்தனை என்று எழுதியிருக்கும். மூன்று கிரெடிட் தாளில் ஐந்து அலகு, ஒவ்வொரு அலகின் ஓரத்திலும் 9 என்று இருக்கும். கடைசி வரியில் மொத்தம் 45 பீரியட். அவர்களுடைய விதிமுறை பீரியட் என்றால் 50 நிமிடம் என்பதையும் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. ஆக, கடிகாரப்படி பார்த்தால் அந்த 45 பீரியட் முப்பத்தேழரை மணிதான். அது ஒரு குறையே இல்லை. பத்து நிமிடம் வகுப்பு மாறவும் மூச்சு விடவும் வேண்டும், அமெரிக்காவிலும் ஐம்பது நிமிடத்தைத்தான் மணி என்கிறார்கள். எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்களே, அதைச் சொல்கிறேன். மூன்றாம் அலகை நான்கு பீரியடில் முடித்துவிட்டு வாத்தியார் போனால், மீதி ஐந்து எங்கே என்று கேட்க அந்த மாணவர் கையில் ஒரு காகிதமாவது இருக்கிறது.

நம் பக்கம் மணி எங்கே கரைகிறது என்று பார்ப்போம். முதலில் ஆண்டின் தொடக்கத்தில். கலந்தாய்வு, அடுத்த கட்டக் கலந்தாய்வு, கூடுதல் இடங்கள் என்று சேர்க்கை நீள்கிறது. முதலாண்டு வகுப்புகள் 2024இல் ஜூலை 3 அன்றும், 2025இல் ஜூன் 30 அன்றும் தொடங்கின. வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் 90 வேலை நாளுக்குப் பதினெட்டு வாரம் வேண்டும். 2024இல் ஜூலை 3இலிருந்து எண்ணினால், ஒரு நாள்கூட விடுமுறை விடாமல் நடத்தினாலும் நவம்பர் முதல் வாரம் வந்துவிடும். சுதந்திர தினம், கிருஷ்ண ஜெயந்தி, ஆயுத பூஜை, தீபாவளி எல்லாவற்றையும் கழித்தால் நவம்பர் நடுவுக்குப் போகும். அதற்குள் இரண்டு அகமதிப்பீட்டுத் தேர்வு, விளையாட்டு விழா, செய்முறைத் தேர்வு. விடைத்தாள் திருத்தவும் தேர்தல் வேலைக்கும் வாத்தியார்களை அழைத்துக்கொண்டு போவதும் உண்டு. பருவத்தின் தொடக்கம் தள்ளிப்போகும், முடிவு தள்ளிப்போகாது. தேர்வு அட்டவணை வந்துவிட்டால் கடைசி வேலை நாள் கல்லில் வெட்டியதுபோலத்தான். ஆகஸ்டில் சேர்ந்த பிள்ளைக்கும் அதே கடைசி நாள்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய கணக்கு ஒன்று இருக்கிறது. கார்த்திகை தீபம் 2023இல் நவம்பர் 26, 2024இல் டிசம்பர் 13, 2025இல் டிசம்பர் 3. கொடியேற்றத்திலிருந்து மகாதீபம் வரை பத்து நாள். வகுப்பு முடிகிற நேரத்திலோ தேர்வு நடக்கிற நேரத்திலோ வந்து நிற்கும். மலை சுற்றும் பதினான்கு கிலோமீட்டரும் மனிதத் தலையாக இருக்க, வெளி மாவட்டப் போலீசார் பள்ளிகளில் தங்கியிருக்க, தற்காலிகப் பேருந்து நிலையங்கள் ஊரைச் சுற்றி முளைத்திருக்க, வேட்டவலத்திலிருந்தும் கலசப்பாக்கத்திலிருந்தும் ஒன்பது மணி வகுப்புக்கு யார் வந்து சேர முடியும்? ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார், கூடவே அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்று சொல்வார். அந்த அறிவிப்பில் இது செலாவணி முறிச் சட்டப்படியான விடுமுறை அல்ல என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். வங்கிக்காரருக்கு எழுதிய வரி அது. படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஈடு செய்யும் அந்தச் சனிக்கிழமை வகுப்பறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வருகைப் பதிவேட்டில் அது வேலை நாள்தான்.

2024இல் தீபத்துக்கு முன்பே மழை வந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து நம் பக்கம் கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இறங்கி ஏழு பேரை நாம் இழந்தோம். பள்ளி கல்லூரிகளை மூடினார்கள், மூடத்தான் வேண்டும். அப்படிப்பட்ட நாளில் வகுப்பு நடக்கவில்லையே என்று யாரும் கேட்கப் போவதில்லை. நடக்காததை நடக்கவில்லை என்று எழுதி வைப்பதற்கு என்ன தடை என்றுதான் கேட்கிறேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த இழப்பைச் சமமாகப் பங்கிடுவதற்கு டே ஆர்டரை விடச் சிறந்த ஏற்பாடு கிடையாது. திங்கள், செவ்வாய் என்று கிழமையை வைத்து அட்டவணை போட்டால், திங்கட்கிழமை விடுமுறையெல்லாம் ஒரே தாளின் தலையில் விழும். டே ஆர்டரில் விடுமுறைக்கு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதால் எல்லாத் தாளும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். இதை யோசித்தவர் கெட்டிக்காரர். ஆனால் பங்கிடத்தான் அதனால் முடியும். போன நாளைத் திருப்பித் தர அதனால் முடியாது.

இப்போது உங்கள் வருகைக் கணக்குக்கு வருவோம். 75 சதவீதம் இருந்தால் ஹால் டிக்கெட். 65க்கு மேல் என்றால் கட்டணம் கட்டிச் சலுகை கேட்கலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது. 50க்கும் குறைந்தால் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். உங்களைக் கல்லூரி இவ்வளவு நுணுக்கமாக எண்ணுகிறது. சதவீதம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே இருப்பது நீங்கள் வந்தது. கீழே இருப்பது கல்லூரி நடத்தியது. அந்தக் கீழ் எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

தமிழ்த் தாளுக்கு 90 ஹவர் என்பது திட்டம். ஒரு கல்லூரியில் 60தான் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 45 ஹவர் உட்கார்ந்தவருக்கு 75 சதவீதம், நிம்மதியாகத் தேர்வு எழுதலாம். பக்கத்துக் கல்லூரியில் 90உம் ஒழுங்காக நடந்தது. அங்கேயும் ஒருவர் 45 ஹவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு 50 சதவீதம், ஹால் டிக்கெட் கிடையாது. இரண்டு பேரும் கேட்டது ஒரே அளவு பாடம். ஒழுங்காக வகுப்பு நடந்த கல்லூரியில் படித்தவர் மாட்டிக்கொண்டார். நாளை எண்ணினாலும் சரி, ஹவரை எண்ணினாலும் சரி, கல்லூரி நடத்தியது எவ்வளவு என்பதை வெளியே சொல்லாதவரை மாணவர் மட்டுமே கணக்குச் சொல்ல வேண்டியவராக இருக்கிறார். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

வருகைப் பதிவேட்டுக்குள் அடங்காதவர்கள் இந்த ஊருக்குப் புதிதல்ல. மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதி வரச் சொன்ன தண்டனையைப் பாதியில் போட்டுவிட்டு, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டு ரயிலேறி, 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து இறங்கினார். பின்னாளில் ரமண மகரிஷியான அவருக்கு அட்டெண்டன்ஸ் போட எந்த வாத்தியாராலும் முடிந்திருக்காது. ஆனால் அவர் பட்டம் கேட்கவில்லை. உங்களுக்குப் பட்டம் வேண்டும், அதை வைத்து ஒரு வேலையும் வேண்டும். ஆகவே மணிக்கணக்கு உங்களுக்குத் தேவைதான்.

வகுப்பில் உட்கார்ந்த நேரம் கற்ற நேரம் ஆகிவிடுமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அமெரிக்காவில் சில கல்லூரிகள் குறைந்த வாரத்தில் அதிகக் கிரெடிட் அள்ளிக் கொடுத்து அரசு உதவித்தொகையைக் கறந்தபோது, மத்திய அரசு 2010இல் ஒரு வரையறை எழுதியது. வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு என்றால் வெளியே குறைந்தது இரண்டு மணி மாணவரின் சொந்த உழைப்பு, இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு கிரெடிட். ஐரோப்பாவில் வகுப்பைத் தனியாக எண்ணுவதே இல்லை. படிப்பு, எழுத்து, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணிக்கு ஒரு கிரெடிட், வருஷத்துக்கு 60. நம் நாட்டில் 2023இல் வந்த தேசியக் கிரெடிட் சட்டகமும் அந்தப் பாதையில்தான் போகிறது. வருஷத்துக்கு 1,200 கற்றல் மணி, 40 கிரெடிட், ஒன்றுக்கு 30 மணி. மூன்று வருஷப் பட்டத்துக்கு அங்கே 120 கிரெடிட், தமிழ்நாட்டில் 140. வடக்கே போய் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிற நம் பிள்ளை கையில் இருபது கிரெடிட் கூடுதலாக இருக்கும், அதற்காக யாரும் இருபது ரூபாய்கூடத் தள்ளுபடி தரப்போவதில்லை.

அமெரிக்க விகிதத்தை இங்கே பொருத்திப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். வாரத்துக்கு 30 ஹவர் வகுப்பு, அதற்கு இரண்டு மடங்கு வெளியே என்றால் மொத்தம் 90 மணி. தூங்குவதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். நம் அரசுக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை வந்த பிறகு ஐந்து ஹவரையும் அரை நாளுக்குள் அடைத்தாகிவிட்டது. முதல் ஷிப்ட் முடிந்ததும் உங்களில் எத்தனை பேர் துணிக்கடைக்கும் மண்டபத்துக்கும் பந்தி பரிமாறவும் ஓடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டில் விற்றவர் மறுநாள் முதல் ஹவரில் தூங்கி விழுவதையும் பார்த்திருக்கிறேன். வீட்டில் படிக்கும் நேரத்தை எண்ணும் எந்தச் சட்டகமும், வீட்டுக்குப் போய்ப் படிக்க நேரமுள்ள பிள்ளையைத்தான் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதனால்தான் வகுப்பு மணி உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம் என்கிறேன். உங்களில் பலருக்குப் படிக்கக் கிடைக்கும் நேரமே அந்த ஐந்து ஹவர்தான். அதில் ஒன்று நடக்காமல் போனால் அதை ஈடுகட்ட ட்யூஷனும் இல்லை, தனியறையும் இல்லை.

கேட்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கும் தெரியும். அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண் துறையின் கையில் இருக்கிறது. தனியாக ஒருவர் போய் நிற்க வேண்டாம். வகுப்பே சேர்ந்து, வகுப்புப் பிரதிநிதி பெயரில்கூட இல்லாமல், "இரண்டாமாண்டு மாணவர்கள்" என்று கையெழுத்திட்டு ஒரு தாள் கொடுங்கள். குற்றச்சாட்டு எதுவும் எழுதாதீர்கள். எந்த ஆசிரியரின் பெயரையும் எழுதாதீர்கள். காலியிடத்தை நிரப்பாததற்கு அந்த ஆசிரியர் காரணமல்ல, புயலுக்கும் அவர் காரணமல்ல. இந்தப் பருவத்தில் ஒவ்வொரு தாளுக்கும் ஒதுக்கிய ஹவர் எத்தனை, நடந்த ஹவர் எத்தனை என்ற இரண்டு எண்ணை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி கேளுங்கள்.

அந்த எண் புதிதாகத் தயாரிக்க வேண்டியதல்ல. எந்தத் தேதி, எந்த டே ஆர்டர், எந்த ஹவரில் என்ன நடத்தினோம் என்று ஆசிரியர்கள் எழுதும் பதிவேடு இருக்கிறது. துறைத்தலைவர் அதில் கையெழுத்துப் போடுகிறார். கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வரும்போது அதைத் தூசி தட்டி அடுக்கி வைக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிற குழுவுக்குக் காட்டுகிற கணக்கை, உள்ளே உட்கார்ந்து படிக்கிற உங்களுக்குக் காட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. நேரடியாகக் கேட்டுப் பயனில்லை என்றால் அரசுக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருகின்றன. பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பம், முப்பது நாளில் பதில். சுயநிதிக் கல்லூரியில் படிப்பவர்கள் பல்கலைக்கழகத்திடம் கேட்கலாம். ஆனால் முதலில் நேரில் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும் என்பது என் நம்பிக்கை. எண்பத்தைந்து ஹவர் எடுத்தவருக்கும் ஐம்பது ஹவர் எடுத்தவருக்கும் ஒரே பெயர் கிடைத்துக்கொண்டிருப்பதில் அந்த எண்பத்தைந்துக்காரர்தான் அதிகம் நொந்துபோயிருக்கிறார். நியமன ஆணை தாமதமாக வந்த கௌரவ விரிவுரையாளருக்கும் அந்த எண் உதவும். அரசு எவ்வளவு தாமதம் செய்தது என்பதற்குச் சாட்சியாக அது இருக்கும்.

ஜூனியராக இருப்பவர்கள் இந்தப் பருவமே தொடங்குங்கள். வகுப்பில் ஒருவர் பொறுப்பெடுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் தாள்வாரியாக நடந்த ஹவரைக் கோடு போட்டுக் குறித்து வாருங்கள். கடைசி வேலை நாளன்று அந்தப் பக்கத்தோடு துறைத்தலைவரைப் போய்ப் பாருங்கள். ஒரு கிரெடிட்டுக்குப் பதினைந்து மணி என்று எழுதிக் கொடுத்தது யுஜிசி. அதில் எத்தனை நடந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அன்புடன்,
திருவண்ணாமலையிலிருந்து
ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியர்